பந்தயக் குதிரையின் காலுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: லாயத்திலிருந்து ஓர் அனுபவம்

இங்கிலாந்தில் லாம்போர்ன் என்ற ஊரில், தடை தாண்டி ஓடும் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் லாயம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் இருக்கும் குதிரைகளில் ஒன்றை நான் செவலை என்றே கூப்பிடுவேன். ரேஸ் முடிந்த மறுநாள் காலை அவன் காலில் சுற்றியிருந்த பேண்டேஜை அவிழ்த்துவிட்டுத் தடவியபோது, இடது முன்னங்காலின் பின்பக்கம் விரலுக்குச் சூடு தெரிந்தது. லேசான வீக்கம். ஆனால் நொண்டவில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். நேராக நடக்கும் குதிரைக்கும் உள்ளே தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், கிழிந்திருக்கலாம்.

உடனே ஐஸ், குளிர்ந்த நீர், வீக்கத்துக்கு மருந்து, முழு ஓய்வு. காயத்தின் முழு அளவு முதல் நாளிலேயே தெரிந்துவிடாது என்பதால் சில நாள் விட்டுத்தான் ஸ்கேன் செய்தார்கள். வெள்ளையாகத் தெரிய வேண்டிய தசைநாணின் நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை. கயிற்றின் வெளிப்புரி அப்படியே இருக்க, உள் இழைகள் மட்டும் அறுந்த மாதிரி.

முழு வேகத்தில் ஓடும்போது இந்தத் தசைநாண் தன் நீளத்தில் 16 சதவீதம் வரைக்கும் நீள்கிறது. உள்ளே 45 டிகிரி வரை சூடேறுகிறது. அறுபடும் எல்லைக்குப் பக்கத்திலேயேதான் அதன் பிழைப்பு. தானாக ஆறும்போது அங்கே தழும்புத் திசு வளரும். அது பழையபடி நீண்டு சுருங்காது. அதனால்தான் ஓய்வு கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்த குதிரைகளுக்கு அதே கால் மறுபடி போகிறது.

போனில் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "சூடு போடலையாடா?" அவர் கிண்டி ரேஸ்கோர்ஸில் குதிரைகளைப் பராமரிக்கும் 'சைஸ்' வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் அங்கே மட்டுமில்லை, இங்கேயும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காலில் சூடு போட்டார்கள். அதனால் தசைநாண் நன்றாக ஆறுவதில்லை என்று 1980-களிலேயே பிரிட்டனில் ஆய்வு செய்து காட்டிவிட்டார்கள். "இல்லப்பா, அவன் நெஞ்செலும்புல இருந்தே மஜ்ஜை எடுத்து, அதுல இருக்கிற செல்லை வளர்த்து, அவன் கால்லயே போடப்போறாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "குதிரைக்கு வலிக்காதுல்ல?" என்று கேட்டார்.

வலிக்காமல்தான் செய்தார்கள். நின்றபடியே மயக்க ஊசி, நெஞ்சுக்குக் கீழே முடியை மழித்து மரத்துப்போகும் ஊசி. மார்பெலும்பு பல துண்டுகளாக இருக்கும், அதற்குப் பின்னால் இதயம். அதனால் எந்த இடத்தில் குத்துவது என்று ஸ்கேனில் பார்த்து, ஒரு தடித்த ஊசியை மெதுவாகத் திருகி இறக்கினார் டாக்டர். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடர்ந்த சிவப்பில் மஜ்ஜை சிரிஞ்சில் ஏறியது. அதில் நமக்கு வேண்டிய ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள், மிகமிகக் கொஞ்சம். ஆய்வகத்தில் வளர்த்து ஒரு கோடி அளவுக்குப் பெருக்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும்.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் வீக்கம் அடங்கிய பிறகு, தழும்பு இறுகுவதற்கு முன்னால் செல்கள் உள்ளே போக வேண்டும். வளர்க்க வாரங்கள் ஆகும் என்பதால் மஜ்ஜையைச் சீக்கிரமே எடுத்தாக வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தால் இந்தச் சிகிச்சைக்குப் பணம் வருமா என்பதையும் அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் ரெனுடெண்ட் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. வேறு குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த செல்கள் அதில் தயாராக இருக்கும் என்பதால், வளர்க்கும் வரை காத்திருக்கும் வேலை இல்லை.

ஊசி போட்ட நாளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே அந்தக் கறுப்பு ஓட்டைக்குள் சில இடங்களில் இறக்கினார்கள், பேண்டேஜ் சுற்றினார்கள், முடிந்தது. உள்ளே போன செல்களில் பெரும்பகுதி முதல் நாளிலேயே அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறது. அவையே தசைநாணாக மாறுவதைவிட, ஆறும் விதத்தை அவை வெளியிடும் பொருட்கள் மாற்றுகின்றன என்றுதான் இப்போது நினைக்கிறார்கள்.

நிஜமான வேலை அதற்குப் பிறகுதான். ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு வாரவாரியாக அட்டவணை. முதல் மூன்று மாதம் கையில் பிடித்து நடை மட்டும், பத்து நிமிடத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஓடிப் பழகிய குதிரையைக் கொட்டடியில் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பது அதைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும். காற்றில் ஒரு கோணிப்பை பறந்தாலே செவலை பின்னங்காலில் எழுந்து நிற்பான். ஒரே ஒரு துள்ளல் பல மாத வேலையைக் கெடுத்துவிடும். ஓட்ஸை அறவே நிறுத்திப் புல் மட்டும் கொடுத்தோம். ரொம்பத் துடித்த நாட்களில் டாக்டர் சொன்ன அளவில் சிறிது மயக்க மருந்து. மேய்ச்சலுக்கு மட்டும் விடவே இல்லை. பாவமாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு கட்டத்துக்கு முன்பும் ஸ்கேன். தசைநாண் பருத்திருந்தால் வேலையைக் குறைக்க வேண்டும். கறுப்பு மெல்ல மெல்ல நிரம்பி, இழைகள் நீளவாக்கில் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம்பிக்கை தேடுபவர்களுக்கு இங்கே எல்லோரும் சொல்வது ட்ரீம் அலையன்ஸின் கதை. வேல்ஸில் ஒரு சிற்றூர்க்காரர்கள் ஆளுக்கு வாரம் பத்து பவுண்டு போட்டு வளர்த்த குதிரை. 2008-ல் தசைநாண் போய், ஸ்டெம் செல் சிகிச்சை பெற்று, 2009 டிசம்பரில் வெல்ஷ் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தடை தாண்டும் பந்தயத்தை ஜெயித்தது. ஆனால் ஒரு குதிரையை வைத்து முடிவு செய்யக் கூடாது. இந்தச் சிகிச்சை பெற்ற நூற்றுக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி காயம்பட்டவை சுமார் 27 சதவீதம். பழைய முறையில் வைத்தியம் பார்த்த தடை தாண்டும் குதிரைகளில் அது ஐம்பது சதவீதத்துக்கு மேல். ஒப்பிட்டது முந்தைய ஆய்வுகளின் கணக்கோடுதான், கூடவே வேறொரு குழுவை வைத்துப் பார்க்கவில்லை. அதனால் இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செவலை இப்போது மறுபடி ரேஸ் ஓடுகிறான். தரை இறுகிய நாட்களில் அனுப்புவதில்லை. ஒரு கால் போன குதிரைக்கு மற்ற காலும் பலவீனமாக இருப்பது சகஜம் என்பதால், ஸ்கேன் எப்போதும் இரண்டு முன்னங்காலுக்கும் சேர்த்துத்தான்.