என் ஓட்டு அந்தத் தாலாட்டுக்குத்தான்

நேத்து ராத்திரி கிருஷ்ணகிரியில கரண்ட் போயிருச்சு. மொட்டை மாடியில பாய் விரிச்சு, ஆஸ்கர் போட்டிக்குப் போன சினிமாப் பாட்டுகளை நானும் என் பொண்ணும் போன்ல ஒவ்வொண்ணா கேட்டோம்.

'நாட்டு நாட்டு' வந்ததும் எழுந்து ஆடிட்டா. எங்க தெருவுல பாதி வீட்ல தெலுங்குதான் பேச்சு. 2023 மார்ச்ல அந்தத் தெலுங்குப் பாட்டுக்கு இசை போட்ட கீரவாணியும் வரி எழுதின சந்திரபோஸும் ஆஸ்கர் வாங்க மேடையேறின அந்தக் காலையை யாரும் மறக்கல.

ஆனா நான் நடுவரா இருந்தா, 2013-ல கை நழுவின பாட்டுக்குத்தான் கொடுத்திருப்பேன். 'லைஃப் ஆஃப் பை' தாலாட்டு. பாம்பே ஜெயஸ்ரீயோட வரிகள், அவங்களே பாடினது; இசை மைக்கேல் டானா. 'கண்ணே கண்மணியே'ன்னு நம்ம தமிழ்! படத்தோட தொடக்கத்துல, பாண்டிச்சேரி மிருகக்காட்சிசாலையில விலங்குகள் ஒவ்வொண்ணா வர்றப்ப அந்தக் குரல் கேட்கும். பின்னாடி கடல் கொண்டுபோகப் போற உயிர்களையெல்லாம் முதல்லயே மடியில போட்டுத் தட்டிக் கொடுக்குது. ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைச்சிரும்.

ஜெயிச்சது ஜேம்ஸ் பாண்ட் படப் பாட்டு 'ஸ்கைஃபால்'. நல்ல பாட்டு, மறுக்கல. ஆனா இந்த விருது பாடின குரலுக்கு இல்ல. அந்தப் படத்துக்குன்னே எழுதின வரிக்கும் மெட்டுக்கும். அதனால நான் பார்க்கிறது ஒண்ணுதான்: பாட்டை உருவிட்டா படத்துல பள்ளம் விழணும். தாலாட்டை எடுத்துப் பாருங்க, விழும்.

'ஜெய் ஹோ' கட்சிக்காரங்க யாரெல்லாம் இருக்கீங்க? வாங்க, பேசலாம்.