கொடியில் ஊசி போட்டு எடுத்த ரத்தம்

எனக்கு நெகட்டிவ் ரத்தம், கணவருக்குப் பாசிட்டிவ். முதல் பிரசவத்திலேயே என் உடம்பில் பாசிட்டிவ் ரத்தத்தைத் தாக்கும் ஆன்டி-டி எதிர்ப்பொருள் உருவாகிவிட்டது. அது நஞ்சுக்கொடி வழியாகப் போய் இரண்டாவது குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் என் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் எவ்வளவு என்று பார்க்கும் இன்டைரக்ட் கூம்ஸ் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருந்தார்கள், அளவு ஏறியதும் ரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். சோகை வந்தால் ரத்தம் நீர்த்து, குழந்தையின் மூளைக்குப் போகும் குழாயில் வேகமெடுத்து ஓடுமாம். அந்த வேகம் அந்த வாரத்துக்குரிய நடு அளவைப்போல 1.5 மடங்கைத் தாண்டினால், அடுத்தது தொப்புள்கொடியில் ஊசி போட்டுக் குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பார்ப்பதுதான். 22ஆம் வாரத்தில் தாண்டியது.

நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பம் இதனால் கலையலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அதைக் கேட்டபிறகு தூக்கம் எங்கே வரும்!

தொப்புள்கொடி நஞ்சுக்கொடியோடு ஒட்டும் இடம் அதிகம் ஆடாது, அங்கேதான் குத்துவார்கள். திரையில் ஊசி முனை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. குழந்தை புரண்டுவிடாமல் இருக்க அதற்கும் தசை தளரும் மருந்து. முதல் துளிகளை அறையிலேயே இருந்த மெஷினில் ஓட்டினார்கள், வந்தது என் ரத்தமா குழந்தையுடையதா என்று தெரியவேண்டுமே. பெரியவர்களின் சிவப்பணுவின் பருமன் 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர்தான் (அணுவை அளக்கும் மிகச்சிறிய அளவு), கருவின் அணு இந்த மாதத்தில் 120ஐயும் தாண்டும். "128, குழந்தைதான்" என்றார் டாக்டர். ஹீமோகுளோபின் 6. அந்த வாரத்தில் அது பதினொன்று, பன்னிரண்டு இருக்கவேண்டும். ஊசியை எடுக்காமலே, கதிர்வீச்சு கொடுத்துத் தயாராக வைத்திருந்த ஓ நெகட்டிவ் ரத்தத்தை ஏற்றினார்கள். அது கொடிக்குள் பாய்வது திரையில் மினுமினுவென்று தெரிந்தது.

அப்புறம் ரிப்போர்ட் கைக்கு வந்தது. இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பக்கத்தில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது, அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். குழந்தையின் ஆக்சிஜன் அழுத்தம் நம் தமனி ரத்தத்தில் இருப்பதில் பாதிதான் இருந்தது, கணவர் பதறிவிட்டார். ஆனால் கருவின் ஹீமோகுளோபின் வேறு வகை, குறைந்த அழுத்தத்திலும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும், அதனால் அதுவே போதுமாம். சர்க்கரையும் என் அளவைவிடக் குறைவு; அம்மாவிடமிருந்து சரிந்து இறங்கவேண்டும் என்றால் அங்கே குறைவாகத்தானே இருக்கவேண்டும். இவ்வளவு அணு உடைந்தும் மஞ்சள்காமாலை பெரிதாக இல்லாததற்குக் காரணம், அணு உடையும்போது வரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டி என் கல்லீரலுக்கு வந்துவிடுவதுதான்.

பிரசவம் வரை சில வாரங்களுக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பிறந்ததும் மஞ்சள்காமாலைக்கு நீல விளக்கு, அதுவும் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் ஒரு முறை ரத்தம் ஏற்றினார்கள், இத்தனை நாள் இரவல் ரத்தத்தில் ஓடியதால் குழந்தையின் எலும்பு மஜ்ஜை சொந்தமாக ரத்த அணு உருவாக்கும் வேலையைத் தொடங்க நேரமெடுத்தது.