முதல் எழுத்தைத் தின்ற எக்ஸ்டென்ஷன்

"மாப்ள, பேரை அடிச்சுத் தேடுனா பழைய ஆளுங்கல்லாம் கரெக்டா வராங்க. இந்த வாரம் சேத்தவங்க ஒருத்தரும் வரல. நீ வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான்."

2025 பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும், அக்கா வீட்டுக்காரர் பண்ருட்டியிலிருந்து கூப்பிட்டார். கடைசி வாக்கியத்தை அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பண்டிகைக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்துவிட்ட நேரத்தில், கை சும்மா இருக்காமல் அவர் கடை கம்ப்யூட்டரில் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு நான் எழுதிய எக்ஸ்டென்ஷனின் (கூடுதல் வசதி தரும் ஒட்டு மென்பொருள்) புது வெர்ஷனைப் போட்டுவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை.

மாமாவுக்கு முந்திரி வியாபாரம், சீசனில் பலாவும் உண்டு. விவசாயி, தரகர், வெளியூர் வியாபாரி என்று பெரிய பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறார், எல்லாம் தமிழில், எல்லாம் போஸ்ட்கிரஸில் (அதை அங்கே கொண்டுபோய் வைத்ததும் நான்தான்). சிக்கல் என்னவென்றால் எங்கள் கடலூர் மாவட்டத்து ஊர்ப்பெயர்கள். திருப்பாதிரிப்புலியூரை ஒருவர் ஒழுங்காக எழுதுவார், ஒருவர் நடுவில் இருக்கும் ப்-பை விட்டுவிடுவார், பாதிப் பேர் பேச்சில் சொல்வதுபோலவே திருப்பாப்புலியூர் என்று அடிப்பார்கள். ஆள் பெயரில் ன-வா ண-வா, ல-வா ள-வா என்பது அன்றைக்கு யார் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களைப் பொறுத்தது.

போஸ்ட்கிரஸோடு கூடவே வருகிற டிரைகிராம் எக்ஸ்டென்ஷனைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். சொல்லை மும்மூன்று எழுத்தாக நறுக்கி, எத்தனை துண்டு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் நல்ல கருவி அது. ஆனால் நறுக்குவதற்கு முன்னால், எது எழுத்து, எது எழுத்தில்லை என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தின் லொகேலை, அதாவது மொழி, வட்டார அமைப்பைக் கேட்கும். யூனிகோடு கணக்கில் நம் கால், கொம்பு, சுழி எல்லாம் எழுத்து வகையில் சேரும், புள்ளி மட்டும் சேராது. அதனால் பண்ருட்டி என்று கொடுத்தால் அதற்கு "பண", "ருட", "டி" என்று மூன்று தனித்தனிச் சொற்களாகத்தான் தெரியும். ஓர் ஒற்றை விட்டுவிட்டால் சொல் எங்கே உடைகிறது என்பதே மாறிவிடும். டேட்டாபேஸின் லொகேல் சி என்று இருந்துவிட்டால் இன்னும் மோசம், தமிழுக்கு ஒரு துண்டுகூட வராது.

சரி, நாமே எழுதுவோம் என்று சி மொழியில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். பெயரைக் கொடுத்தால் அதைச் சுருக்கித் தேடுவதற்கென்று ஒரு சாவி தரும்: இரட்டித்த ஒற்றைத் தூக்கிவிடு, ன ண ந மூன்றும் ஒன்று, ல ள ழ ஒன்று, ர ற ஒன்று, தமிழ் எழுத்து அல்லாததை வீசிவிடு. அந்தச் சாவியின் மேல் ஓர் இண்டெக்ஸ், அதாவது சாவிகளை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி வைத்த தேடல் அட்டவணை. தமிழாசிரியர் பார்த்தால் அடிப்பார், ஆனால் தேடினால் ஆள் கிடைக்கும். 2011இல் வந்த போஸ்ட்கிரஸ் 9.1 முதல் இதையெல்லாம் கட்டிக் கொடுக்க ஒழுங்கான வழி இருக்கிறது: ஒரு கன்ட்ரோல் கோப்பு, ஓர் எஸ்.க்யூ.எல். கோப்பு, கம்பைல் செய்த, அதாவது இயந்திரமொழிக்கு மாற்றிய, நூலகக் கோப்பு ஒன்று, அப்புறம் கிரியேட் எக்ஸ்டென்ஷன் என்று ஒரே வரி. 1.0 என்று பெயர் வைத்து பொதுவில் போட்டேன். எழுதியதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபரில், இங்கே வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால், போஸ்ட்கிரஸின் புது மேஜர் வெர்ஷன் வரும். வந்ததும் கம்பைல் செய்து பார்க்க வேண்டும். 2023இல் வந்த 16இல் என் கோட் கம்பைலே ஆகவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், டெக்ஸ்ட் மதிப்பின் உள்ளே கைவைக்கிற மேக்ரோக்களை (பெயர் வைத்த குட்டிக் கோட் துண்டுகள்) எல்லாம் பொதுவான ஹெட்டர் கோப்பிலிருந்து எடுத்து தனி ஹெட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வெர்ஷன் எண் 16 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த ஹெட்டரையும் சேர் என்று மூன்று வரி, வேலை முடிந்தது. பராமரிப்பு என்றால் பெரும்பாலும் இந்த மாதிரிதான், கம்பைலரே கத்திக் காட்டிக் கொடுத்துவிடும், நமக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்.

கத்தாமல் வருவதுதான் பயம். 2024 நவம்பர் 14 அன்று பிழைகளைத் திருத்தும் மைனர் வெர்ஷன்கள் வந்தன, 17.1, 16.5 என்று வரிசையாக. மைனர் வெர்ஷனுக்கு எக்ஸ்டென்ஷனை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை என்று நம்பித்தான் எல்லோரும் அப்டேட் போடுகிறோம். அந்த முறை ஒரு பிழையைச் சரிசெய்யப் போய், உள்ளே இருக்கும் ஒரு ஸ்ட்ரக்ட்டின் (பல புலங்களைச் சேர்த்துக் கட்டிய தரவு அமைப்பு) கடைசியில் ஆம், இல்லை என்று மட்டும் சொல்கிற ஒரு சின்னப் புலத்தைச் சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்ட்ரக்ட்டின் அளவே கூடிவிட்டது. பழைய ஹெட்டரை வைத்து கம்பைல் ஆன எக்ஸ்டென்ஷன் பழைய அளவுக்குத்தான் இடம் ஒதுக்கும், சர்வரோ புது அளவு என்று நினைத்துக்கொண்டு அதற்கும் அப்பால் கைநீட்டும். டைம்ஸ்கேல்-டிபி என்ற எக்ஸ்டென்ஷனும் வேறு சிலவும் அடி வாங்கின. சரியாக ஒரே வாரத்தில், 21ஆம் தேதி, 17.2, 16.6 என்று மறுபடி விட்டு அந்த ஸ்ட்ரக்ட்டைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். என் எக்ஸ்டென்ஷன் அந்தப் பக்கமே போகாது, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் படித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது, ரொம்ப நாள் கழித்து என் கோடைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன்.

அதோடு மூடி வைத்திருக்கலாம். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, அடுத்த ரெண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, நெட் இல்லை, வெளியே போகவும் வழியில்லை. லேப்டாப்பில் கொஞ்சம் பேட்டரி இருந்தது. வேலையில்லாதவன் கையில் கோட் கிடைத்தால் என்ன ஆகும்? அழகுபடுத்த ஆரம்பித்தேன்.

ரெண்டு மாற்றம். ஒன்று, உண்மையிலேயே தேவையானது. "கோ" என்பதை யூனிகோடில் ஒற்றை ஓகாரக் குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று ரெண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான். பழைய ஃபாண்டிலிருந்து மாற்றிய பட்டியல்களில் ரெண்டாவது வகை நிறைய இருக்கும், அதில் கோண்டூர்க்காரர்கள் எவரும் அகப்பட மாட்டார்கள். மூன்று ஜோடி, ஒ ஓ ஔ, அவற்றைச் சேர்த்துவிட்டேன். ரெண்டாவது மாற்றம், வேகம். யாரும் மெதுவாக இருக்கிறது என்று சொல்லவில்லை. நானாகச் செய்தது.

வேகத்துக்கு என்ன செய்தேன் என்றால், ஆர்க்யுமென்ட்டை வாங்கும் மேக்ரோவை மாற்றினேன். டெக்ஸ்ட்_பி என்று முடிகிற பழையது, மதிப்பை முழுசாக விரித்து 4 பைட் தலைப்போடு (நீளத்தைச் சொல்லும் முன்பகுதி) நகலெடுத்துத் தரும். டெக்ஸ்ட்_பிபி என்று முடிவது அப்படியே, சுருக்கமாக இருந்தால் சுருக்கமாகவே தரும், ஒரு நகல் மிச்சம். டேபிளில் சேமிக்கும்போது 126 பைட் வரைக்கும் உள்ள சின்ன டெக்ஸ்ட்டுக்கு போஸ்ட்கிரஸ் ஒரே ஒரு பைட் தலைப்புதான் வைக்கும். அதனால் புது மேக்ரோவைப் போட்டால், நீளம் கேட்கிற மேக்ரோவையும் உள்ளடக்கம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்கிற மேக்ரோவையும் சேர்த்து "எனி" என்று வருகிற வகைக்கு மாற்ற வேண்டும். நீளத்தை மாற்றினேன். ஆரம்பத்தை மாற்றவில்லை. பேட்டரி 9 சதவீதம், மனசெல்லாம் அதில்.

டெஸ்ட் ஓட்டினேன், எல்லாம் பாஸ். பொங்கலுக்கு மாமா கடையில் போட்டது இந்த வெர்ஷனைத்தான்.

இனி மாமாவின் போனுக்கு வருகிறேன். அவர் சொன்னதுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது போல இருந்தது: ஓகார மாற்றத்தால் சாவிகள் மாறியிருக்கும், பழைய இண்டெக்ஸில் பழைய சாவி, ரீஇண்டெக்ஸ் போட்டு அதைப் புதிதாகக் கட்ட மறந்துவிட்டேன். நான் பாண்டி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், போனிலேயே அக்கா பையனுக்குச் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பம் வருவதற்குள் ரீஇண்டெக்ஸ் முடிந்துவிட்டது.

"மாமா, இப்ப யாருமே வரல. அப்பா மொறைக்கிறாரு."

பட்டியலில் ஒரே ஓர் ஆள் மட்டும் தேடினால் வந்தார். பெயர், அப்பா பெயர், கடைப்பெயர், எந்தக் கோயிலுக்கு எதிரில் என்பது உட்பட எல்லாவற்றையும் பெயர்க் கட்டத்திலேயே திணித்து வைத்திருந்த நெல்லிக்குப்பத்துக்காரர். அதுதான் துப்பு. ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், 126ஐ 3ஆல் வகுத்தால் 42. அவருடையது 42 குறிக்கு மேல். அதனால் அவருக்கு 4 பைட் தலைப்பு, அவர் தப்பித்தார்.

மத்தவர்களுக்கு எல்லாம் தலைப்பு 1 பைட், என் கோட் 4 பைட்டைத் தாண்டிப் படித்தது. வித்தியாசம் 3 பைட், அதாவது அச்சடித்த மாதிரி ஒரு தமிழ் எழுத்து. கடலூர் "டலூர்" ஆனது, பண்ருட்டி "ண்ருட்டி" ஆனது. முன்னால் விட்ட 3 பைட்டுக்குப் பதிலாகக் கடைசியில் பக்கத்தில் என்ன இருந்ததோ அதில் 3 பைட்டைச் சேர்த்துப் படித்தது, அது தமிழாக இல்லாததால் என் ஃபங்ஷனே அதை வீசிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருந்துவிட்டது. நானே எழுதிய துப்புரவு என் பிழையையே மறைத்துவிட்டது. தேடும்போது கொடுக்கும் பெயர் க்வெரியிலிருந்து நேராக 4 பைட் தலைப்போடு வருகிறது, அதன் சாவி சரி. இண்டெக்ஸில் பழைய நூலகம் எழுதிவைத்த சாவிகளும் சரி, அதனால் பழைய ஆட்கள் வந்தார்கள். பொங்கலுக்கு அப்புறம் சேர்த்தவர்களுக்கு மட்டும் முதலெழுத்து இல்லாத சாவி. ரீஇண்டெக்ஸ் போட்டு, மிச்சமிருந்த நல்ல சாவிகளையும் நானே அழித்தேன்.

டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? மேக் இன்ஸ்டால்செக் என்று ஓட்டினால் டெஸ்ட் கோப்பில் உள்ள க்வெரிகளை ஓட்டி, வரும் விடையை எதிர்பார்த்த விடைக் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடும். என் டெஸ்ட் எல்லாமே மேற்கோள் குறிக்குள் பெயரை நேராக எழுதிக் கொடுத்தவை. ஒரு டேபிள்கூடக் கிடையாது. எல்லாமே 4 பைட் தலைப்பு, எல்லாமே பாஸ். இப்போது ஒரு டேபிள் உண்டாக்கி, குட்டைப் பெயர், நெட்டைப் பெயர், சரியாக 42 குறி, 43 குறி என்று போட்டு வைத்திருக்கிறேன். திருத்தம் என்னவோ ஒரே சொல்தான்.

இதற்கப்புறம்தான் ஒன்று உறைத்தது. ஓகார மாற்றமும் தப்புதான், கோட் சரியாகவே இருந்தாலும். இம்யூட்டபிள் என்று அறிவித்து ஓர் ஃபங்ஷனைக் கொடுத்தால், இதே உள்ளீட்டுக்கு என்றைக்கும் இதே விடை என்று சத்தியம் பண்ணிக் கொடுத்ததாக அர்த்தம். யார் வீட்டு டிஸ்க்கிலோ அந்த விடையை எழுதி வைத்திருக்கிறார்கள். 2018இல் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.28 வரிசைப்படுத்தும் விதியை மாற்றியபோது எத்தனையோ பேரின் டெக்ஸ்ட் இண்டெக்ஸ் சத்தமில்லாமல் கெட்டுப்போனதும் இதே கதைதான். அதனால் 1.2இல் பழைய ஃபங்ஷனை அது 1.0இல் செய்ததையே செய்யும்படி திருப்பி வைத்தேன், ஓகாரம் புரிந்த ஃபங்ஷனுக்கு வேறு பெயர். வேண்டியவர்கள் அதில் புது இண்டெக்ஸ் கட்டிக்கொள்ளட்டும்.

இன்னொன்று, நூலகக் கோப்பு ஒன்றுதான், ஆனால் ஒரே சர்வரில் ஒரு டேட்டாபேஸ் 1.0இலும் பக்கத்து டேட்டாபேஸ் 1.2இலும் இருக்கலாம். ஆல்ட்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட் என்று அவரவர் எப்போது கொடுக்கிறார்களோ அப்போதுதான் மாறும், சிலர் கொடுக்கவே மாட்டார்கள். ஆகவே பழைய சி ஃபங்ஷன் பெயர் எதையும் நீக்கக் கூடாது. இது அசிங்கமாக இருக்கிறதே என்று நினைத்து போஸ்ட்கிரஸோடு வரும் பி.ஜி. ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் 1_2, 1_3, 1_8, 1_9 என்று வால் முளைத்த ஃபங்ஷன்கள் வரிசையாக நிற்கின்றன. மனசு ஆறிவிட்டது.

2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரஸ் 18இல் எனக்குப் பிடித்த ஒரு சின்ன வசதி இருக்கிறது, நூலகக் கோப்பே தன் பெயரையும் வெர்ஷனையும் சொல்லிக்கொள்ளலாம், எது உள்ளே ஏறியிருக்கிறது என்று க்வெரி போட்டே பார்க்கலாம். அன்றைக்கு அது இருந்திருந்தால் மாமா கடையில் எந்தக் கோப்பு ஓடுகிறது என்று அக்கா பையனைத் தேதி பார்க்கச் சொல்லியிருக்க வேண்டாம்.

போன வாரம் மாமா மறுபடி கூப்பிட்டார். தேடல் எல்லாம் நன்றாக இருக்கிறதாம், ஒரே ஒரு குறைதானாம். "ஸ்ரீமுஷ்ணம்னு அடிச்சா திருமுட்டத்து ஆளுங்களும் வரணும் மாப்ள, ரெண்டும் ஒரே ஊருதான?"

எந்த எழுத்தை எந்த எழுத்தோடு சேர்த்தாலும் அது வராது, அதற்கு ஊர்ப்பெயர்களுக்கே தனியாக ஒரு டேபிள் வேண்டும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "சரி விடு, நோட்டுல எழுதி கல்லாவுல ஒட்டிக்கறேன், நீ இந்தப் பொங்கலுக்கு வரப்ப கம்ப்யூட்டர்கிட்ட மட்டும் போவாத" என்றார்.