ஞாயிறு மாத்திரை

2024 மார்ச் 3, ஞாயிறு

இரவு எட்டு மணி. எங்கள் நோயாளிகள் குழுவில் வரிசையாக "போட்டாச்சு", "போட்டாச்சு" என்று வருகிறது. மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதக்காரர்களான எங்களில் பலருக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். எனக்கு 2.5 மில்லிகிராமில் ஆறு. மறுநாள் குமட்டும் என்று தெரிந்தே விழுங்குவது தனியாக இருந்தபோது பெரும்பாடாக இருந்தது. இப்போது முப்பது பேரோடு சேர்ந்து விழுங்குகிறேன்.

மார்ச் 6, புதன்

அதிகாலை மூன்று மணி, முட்டி வீங்கித் தூக்கமே இல்லை. "யாராவது முழிச்சிருக்கீங்களா?" என்று எழுதினேன். "எந்த முட்டி அக்கா?" என்று உடனே ஒரு பதில். வீட்டில் என் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் "இன்னும் வலிக்குதா?" என்றுதான் கேட்பார்கள். எந்த முட்டி என்று கேட்க வலித்தவருக்குத்தான் தோன்றும்.

மார்ச் 9, சனி

"மருந்தெல்லாம் நிறுத்திட்டேன், மூணு மாசமா வலியே இல்லை" என்று ஒருவர் எழுத, ஏழெட்டுப் பேர் ஆசையோடு விவரம் கேட்டார்கள். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இந்த நோய் தானாகவே ஏறும், இறங்கும். நிறுத்திவிட்டு நிலை மோசமானவர்கள் திரும்பி வந்து எழுதுவது அபூர்வம்.

தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்கவைக்கும் நரம்பு நோயான ஏ.எல்.எஸ். வந்தவர்கள் செய்ததை அவர்களுக்குச் சொன்னேன். லித்தியம் என்ற மருந்து அந்த நோயைத் தாமதப்படுத்துகிறது என்று 2008-ல் ஒரு சிறிய இத்தாலிய ஆய்வு சொன்னது. நோயாளிகள் தங்கள் நிலையைப் பகிர்ந்துகொள்ளும் பேஷன்ட்ஸ்லைக்மி இணையதளத்தில் இருந்தவர்கள் சிலர் அதைச் சாப்பிட்டுப் பார்த்து, தங்கள் நிலையை விடாமல் பதிந்துவந்தார்கள். அப்படி 149 பேரின் பதிவுகளை மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டு 2011-ல் வெளியிட்டார்கள்: பலன் இல்லை. பலிக்காததையும் எழுதிவைத்தார்களே, அவர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் நெகிழ்ந்துவிடும்.

மார்ச் 14, வியாழன்

சேர்ந்து இரண்டு நாளே ஆன தம்பி ஒருவர்: "அம்மாவுக்கு வாயெல்லாம் புண். என்ன தடவலாம்?"

ஆளாளுக்கு ஒரு களிம்பு சொன்னார்கள். நானும் ஒன்றின் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்த, அழித்துவிட்டுக் கேட்டேன்: "மாத்திரை எந்தக் கிழமை போடுறாங்க?"

"தினமும் காலையில ஒண்ணு அக்கா. பத்து நாளா."

கை நடுங்கிவிட்டது. வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையே அடங்கிப்போகும், வெள்ளணுக்கள் சரியும். வாய்ப்புண் அதன் முன்னறிவிப்பு. "காலையில கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றார். இல்லை தம்பி, இப்பவே. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.

மார்ச் 15, வெள்ளி

தம்பியின் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கின்றனவாம். மெத்தோட்ரெக்சேட்டின் கெடுதலை முறிக்கும் ஃபோலினிக் ஆசிட் ஊசி போகிறது. நாங்கள் சாப்பிடும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறு, இது வேறு.

மார்ச் 17, ஞாயிறு

இனி குழுவில் மருந்துப் பெயர் எழுதுகிறவர்கள் கிழமையையும் சேர்த்து எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் முதல் கேள்வியும் அதுதான்.

எட்டு மணிக்கு வழக்கம்போல "போட்டாச்சு"கள். நடுவில் அந்தத் தம்பி: "அம்மாவுக்கு இன்னிக்கு மாத்திரை இல்லை. காய்ச்சல் இல்லை. தண்ணி குடிச்சாங்க."