'வாங்கு' என்றுதான் போட்டிருந்தது

படித்து முடித்த ஒரு மின்னூலை அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தேன், முடியாதாம். அச்சுப் புத்தகமாக இருந்தால் கையை நீட்டிக் கொடுத்திருப்பேன், திரும்பி வராது என்பது வேறு விஷயம். பணம் கட்டும்போது பொத்தானில் 'வாங்கு' என்றுதான் போட்டிருந்தது. நிபந்தனைகளை உருட்டி உருட்டிப் படித்தால்தான் தெரிகிறது, எனக்குக் கிடைத்தது புத்தகம் இல்லை, படிப்பதற்கான உரிமம், அதுவும் அவர்கள் நினைத்தால் நின்றுவிடும்.

திருட்டுப் பிரதிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எழுதியவருக்குக் காசு போக வேண்டும், நகல் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது தப்பு. ஆனால் பதிப்புரிமை என்ற சொல்லையே பாருங்கள், பதிப்பிக்கும் உரிமை. விற்றுப்போன பிரதியின் மேல் அவருக்கு என்ன பிடி?

இந்தச் சண்டை பழையது. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம், ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று ஒரு நாவலுக்குள்ளேயே அச்சடித்து வைத்தது. மேசீஸ் கடை கண்டுகொள்ளாமல் 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908-இல் பதிப்பகம் தோற்றது. ஒருமுறை விற்றாகிவிட்டால் அந்தப் பிரதியை அடுத்தவர் என்ன விலைக்கு விற்கிறார் என்று கேட்க முடியாது.

கோப்பு என்று வந்ததும் கதை மாறுகிறது. ரீடிஜி என்ற அமெரிக்க நிறுவனம், காசு கொடுத்து வாங்கிய பாட்டுக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய வழி செய்தது, விற்றவரிடம் இருப்பதை அழித்துவிடுகிறோம் என்றும் சொன்னது. கோப்பு இடம் மாறினாலே புது நகல் உண்டாகிறது என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. எனக்குப் பிடிக்காத தீர்ப்புதான், ஆனாலும் பாதி நியாயம் அதில் இருக்கிறது. பழைய புத்தகம் கசங்கும், பழுப்பேறும், கோப்போ பத்தாவது கைக்குப் போனாலும் புத்தம் புதுசு, எழுதியவர் பயப்படாமல் என்ன செய்வார்?

சரி, மறுவிற்பனையை விட்டுவிடுகிறேன். கொடுத்ததைப் பறிப்பது? 2009-இல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் படிக்கும் கருவியிலிருந்து அழித்தது. அதைக் கடையில் ஏற்றியவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பினார்கள், அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் பாடத்துக்காக அதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவன் எழுதி வைத்த குறிப்புகள், எந்த வரிக்கு எது என்றே தெரியாமல் உதவாமல் போயின. அந்தக் குறிப்புகளை எழுதியவன் அவன்தானே, அதற்குப் பதிப்புரிமை யாருக்கு?

கலிஃபோர்னியாவில் 2025-இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிடைப்பது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் இப்படிப்பட்ட சரக்குக்கு 'வாங்கு' என்று போடக் கூடாது. நல்லதுதான், ஆனால் பெயர்ப் பலகை மாறினால் போதுமா? வாடகை என்றால் வாடகை என்றே எழுதட்டும், விலையையும் வாடகை மாதிரி வைக்கட்டும்.

அக்காவுக்கு என்ன செய்தேன் என்றால், கருவியையே கொடுத்துவிட்டேன். அதையாவது நான் வாங்கியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.