முக்கால் இட்லி, நாற்பது நிமிஷம்

அப்பா முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பாதிக் காலம் சங்கரன்கோவில் - மதுரை தடம். டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி உள்ளே தள்ளிவிட்டு விசில் ஊதிவிடுவார். ரிட்டயர் ஆன பிறகும் அதே வேகம்தான். அம்மா இரண்டாவது தோசையைத் திருப்பிப் போடும்போது முதல் தோசை தட்டில் இருக்காது. அந்த மனுஷனுக்குத்தான் 2022 ஆகஸ்டில் புற்றுநோய்க்காக இரைப்பையை முழுசாக எடுத்தார்கள்.

முந்தைய கதை பல வீடுகளில் நடப்பதுதான். ஏழெட்டு மாசம் 'கேஸ்' என்று சொல்லி மெடிக்கலில் மருந்து வாங்கிக் குடித்தார். மலம் கறுப்பாகப் போனதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 7.1 என்று வந்த பிறகே எண்டோஸ்கோபி, பயாப்ஸி, ஸ்கேன். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நாலு கீமோ, ஒரு மாச இடைவெளி, பிறகு மதுரையில் ஆபரேஷன். உணவுக்குழாயை நேரே சிறுகுடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி நாட்களில் மறக்காதது அந்த மூன்று பந்துக் கருவி. நெஞ்சில் சளி தங்காமல் இருக்க, குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே தூக்கணும். அப்பா ஒவ்வொரு தடவையும் ஊதினார். பிசியோதெரபி பெண் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள்: "ஐயா, ஊதாதீங்க, உறிஞ்சுங்க." முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதிய வாய்க்கு அது பழக இரண்டு நாள் ஆனது. தையல் வலியோடு சிரிக்க முடியாமல் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்தார்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த உணவுப் பட்டியல் முழுக்க இங்கிலீஷ். அவகாடோ, கிராக்கர்ஸ், காட்டேஜ் சீஸ். சங்கரன்கோவிலில் காட்டேஜ் சீஸுக்கு நான் எங்கே போவேன்? 'சிறிய அளவில் அடிக்கடி' என்று ஒரு வரி இருந்தது. எவ்வளவு சிறிசு, எத்தனை தடவை என்று யாரும் சொல்லவில்லை. இன்னொருத்தருக்குச் சொல்வதாக இருந்தால், டிஸ்சார்ஜ் அன்று அவசரப்படாமல் டயட்டீஷியன் முன்னால் உட்கார்ந்து, நம் வீட்டுச் சமையலைச் சொல்லி, எது ஆகும் எது ஆகாது என்று எழுதி வாங்கிவிட்டுத்தான் கிளம்பச் சொல்வேன்.

வயிற்றுப் பக்கவாட்டில் சிறுகுடலுக்குள் ஒரு ட்யூப் வைத்திருந்தார்கள். வாய் வழியாகப் போதுமான அளவு இறங்கும் வரை ராத்திரியில் அதில் ஃபீட் போகும். ஒவ்வொரு ஃபீடுக்கும் முன்னும் பின்னும் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவணும். நான் ஒரு நாள் மாத்திரையைப் பொடித்து அதில் விட்டேன். சரியாகப் பொடியவில்லை, ட்யூப் அடைத்துக்கொண்டது. ராத்திரி பதினொன்றரை. போனில் நர்ஸ் சொல்லச் சொல்ல, வெந்நீரைச் சிரிஞ்சில் மெதுவாகத் தள்ளி இழுத்து, தள்ளி இழுத்து, ஒரு மணிக்கு வழி விட்டது. கையில் நடுக்கம் நிற்கக் காலை ஆனது. மறுநாளே டாக்டரிடம் கேட்டு அந்த மருந்தைச் சிரப்பாக மாற்றிக்கொண்டோம்.

ஆனால் எங்களை உண்மையில் படுத்தியெடுத்தது ட்யூப் இல்லை, பாசம். "வயித்தையே எடுத்துட்டா சோறு எங்கன போகும்?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கேட்டவர்களே ஆளுக்கு ஒரு பலகாரத்தோடு வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை கால் கிலோ பால்கோவாவோடு வந்தாள். அப்பா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். இருபது நிமிஷத்தில் சட்டை தெப்பலாக நனைந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, பாத்ரூமுக்கு ஓடினார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து நான் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். நிலைமை இன்னும் மோசமானது.

மதுரை டாக்டர்தான் விளக்கினார். இதற்கு டம்பிங் என்று பேர். இரைப்பை ஒரு கிடங்கு மாதிரி, உள்ளே வந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து குடலுக்கு அனுப்பும். அது இல்லாதபோது இனிப்பு மொத்தமாகக் குடலில் கொட்டி, உடம்பிலிருக்கிற தண்ணீரை அங்கே இழுக்கிறது. சாப்பிட்ட கால் மணி, அரை மணியில் வந்தால் இந்த வகை. கொஞ்ச நேரம் படுக்க வைத்தால் போதும், இனிப்பு கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்தால் வேறு வகை. அப்போது இன்சுலின் அதிகமாகச் சுரந்து உண்மையிலேயே சர்க்கரை இறங்கும். ஒரு நாள் அப்படி வந்தபோது மெஷினில் 54 காட்டியது. அன்றைக்குத்தான் குளுக்கோஸ் சரி. அதற்கப்புறம் குளுக்கோமீட்டரைத் தொடாமல் எதையும் கரைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "கண்டக்டர் இல்லாத பஸ்ஸு, டாக்டர். எல்லாப் பயலும் ஒரேயடியா ஏறிடுதான்."

சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி முன்னே அல்லது பின்னேதான். ஒரு நாளைக்கு ஏழு தடவை. அவித்த முட்டை, குழைவான பருப்புச் சாதம், முள் எடுத்த மீன், கெட்டித் தயிர், சீனி போடாத சத்துமாவுக் களி. முருங்கைக்காய் மாதிரி சக்கை விழுகிறதெல்லாம் தள்ளி வைத்தாச்சு. படுத்தால் பித்தம் தொண்டைக்கு ஏறியதால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல்.

இதெல்லாம் தெரிந்தும் வீட்டில் ஏழு நேரமும் சண்டைதான். கீமோவுக்கு முன் 71 கிலோ இருந்தவர், ஆபரேஷன் அன்று 64, மூன்றாம் மாசம் 53. அம்மா தட்டோடு பின்னாலேயே நடப்பாள். "இன்னும் ஒரே ஒரு வாய்." அவர் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். நானும் கத்தியிருக்கிறேன், மறைக்கவில்லை. அறுபத்தாறு வயது ஆளைப் பச்சைப் பிள்ளை மாதிரி மிரட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் அவர் என் கையிலிருந்த நோட்டை வாங்கினார். நான் சாப்பாட்டுக் கணக்கை அதில் கிறுக்கி வைத்திருப்பேன். ஸ்கேலை வைத்துக் கட்டம் போட்டார். நேரம், என்ன, எவ்வளவு, எத்தனை நிமிஷம், பிறகு என்ன ஆச்சு. டியூட்டியில் வே பில் எழுதுவாரே, அதே கோழிமுட்டை எழுத்து. 'காலை 6.40. இட்லி முக்கால். 40 நி. கோளாறு இல்லை.' அன்றிலிருந்து கணக்கு அவர் பொறுப்பு. அம்மா பெரிய தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். பேத்தியின் சின்னக் கிண்ணம் வந்தது. கிண்ணம் காலியானால் அம்மாவுக்கும் திருப்தி.

சண்டை ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஆபரேஷனுக்குப் பின் போட வேண்டிய நாலு கீமோவில் இரண்டோடு டாக்டரே நிறுத்தினார். எடையும் தாங்கவில்லை, விரல் நுனியெல்லாம் மரத்துப் போனது. அந்த மருந்து ஓடும் வாரத்தில் சில்லென்ற செம்பைத் தொட்டால் ஷாக் அடித்தது போல் கையை உதறுவார். அம்மா குடிதண்ணீரைக்கூட வெதுவெதுப்பாக்கித்தான் வைத்தாள். அந்த ஒரு மாசம் நோட்டில் பல கட்டங்கள் வெறுமனே கிடக்கின்றன.

பி12 ஊசி ஆயுசுக்கும் உண்டு. உணவிலிருந்து அதை உறிஞ்ச உதவும் பொருள் இரைப்பையில்தான் சுரக்கும். ஈரலில் பழைய இருப்பு சில வருஷம் ஓடும் என்பதால், ஊசியை விட்டுவிட்டாலும் உடனே ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று இழுத்தடிக்க இது போதாதா? அதனால் காலண்டரில் ஊசித் தேதியை மட்டும் நான் வட்டம் போடுகிறேன்.

ஒரு வருஷ ஸ்கேனுக்கு மதுரைக்குக் காரில் போகலாம் என்றேன். மாட்டேன் என்றார். பழைய தடத்து பஸ்ஸிலேயே போனோம். 55 கிலோ, பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை, மடியில் டிபன் பாக்ஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்றது. "அஞ்சு நிமிசம்தான்" என்று கண்டக்டர் பையன் குரல் கொடுத்துவிட்டு இறங்கினான். அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நிதானமாக டிபன் பாக்ஸைத் திறந்தார். அவர் பாதி இட்லி முடிப்பதற்குள் அவன் திரும்பி வந்து விசில் ஊதிவிட்டான். மிச்சத்தை ஓடுகிற வண்டியில் மென்றார்.

"ஏலே, கீழ போனியே, பால்கோவா வாங்குனியா?"

பிள்ளைக்கு என்று வாங்கிய பொட்டலம் என் பையில்தான் இருந்தது. சுண்டுவிரல் நுனியில் துளி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கிருஷ்ணன்கோவில் தாண்டும் வரை கடைசிக் கட்டத்தை மட்டும் எழுதாமல் வைத்திருந்தார்.