வீட்டுப் புத்தகப் பட்டியலுக்கு ஒரு ரெஸ்ட் சேவை

விரிதாளில் கிடந்த வீட்டுப் புத்தகப் பட்டியலைக் கைபேசியிலிருந்தும் தேடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் தேவை. அதற்கு ஒரு ரெஸ்ட் சேவை, அதாவது இணைய முகவரிகள் வழியாகத் தரவைக் கேட்கவும் மாற்றவும் விடும் நிரல், எழுதினேன். பைத்தான் மொழியில் இணையச் சேவை எழுத உதவும் ஃபிளாஸ்க், தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட். இவ்வளவு சிறிய வேலைக்கு ஜாங்கோ என்ற பெரிய கட்டமைப்பு மிகை என்று தோன்றியது.

அடிப்படைச் சேவையை எழுதுவது எளிது. பட்டியலின் முகவரிக்கு கெட் என்ற கோரிக்கை வந்தால் எல்லா நூல்களும்; போஸ்ட் வந்தால் புதுப் பதிவு. வரிசை எண் சேர்ந்த முகவரியில் புட் திருத்தும், டெலீட் நீக்கும். நாம் வேறு சொல்லாதவரை ஃபிளாஸ்க் 200, அதாவது 'வெற்றி' என்ற நிலை எண்ணையே பதிலாகத் தரும். புதுப் பதிவுக்கு 201, நீக்கியதற்கு 204, இல்லாத நூலுக்கு 404 என்று நாமே எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் 200 கொடுத்துவிட்டு உள்ளே 'பிழை' என்று எழுதி அனுப்பும் சேவைகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

தமிழ் உள்ளே வந்ததும்தான் சுவாரசியம். முனையத்திலிருந்து முகவரியை அழைக்கும் கர்ல் கட்டளையில் பட்டியலைக் கேட்டால், எழுத்துகளுக்குப் பதில் பின்சாய்கோடும் குறியெண்ணுமாகக் கொட்டியது. சேவை தரவை அனுப்பும் ஜேசன் வடிவத்தின் விதிப்படி அதுவும் சரிதான். வாங்கும் நிரல் அதைத் தமிழாக்கிக்கொள்ளும். கண்ணால் படித்துச் சோதிக்கத்தான் முடியாது. எழுத்துகளை ஆஸ்கியாக (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியீடு) மாற்றும் அமைப்பை அணைத்ததும் சரியானது. பழைய வழிகாட்டிகளில் இருக்கும் அமைப்பு வரியை ஃபிளாஸ்க்கின் 2.3 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். இப்போது அது செயலியின் ஜேசன் பொருளில் இருக்கிறது.

அடுத்தது தேடல். 'கொற்கை' என்று தேடினால் சில நூல்கள் வந்தன, சில வரவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் யுனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. எஸ்கியூலைட்டுக்கு அவை வேறு வேறு சொற்கள். பைத்தானோடு வரும் யுனிகோட் நூலகத்தில் இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் வசதி உண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் அதன் வழியாக அனுப்பினேன். எல்லா நூல்களும் கிடைத்தன.

ஔகாரத்துக்கு அந்த மருந்து பலிக்கவில்லை. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவை' என்று எழுதிவிடுகிறார்கள். யுனிகோடுக்கு அது ஔ அல்ல, ஒகரமும் ளகரமும்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொன்னால் 'ஒளி' கெட்டுப்போகும். 'பெளத்தம்' என்பதற்கும் அதே கதை. அங்கே கைவைத்தால் 'வெள்ளி' உடைந்துவிடும். ஆகவே அப்படிப்பட்ட தலைப்புகளைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றாக புட் அனுப்பித் திருத்திக்கொண்டிருக்கிறேன்.